வாசல்ல ஆள் நிறுத்தினவங்க – ஒரு வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் அமெரிக்கால பிஎச்டி பண்றேன், யுனிவர்சிட்டி பேரு வேண்டாம். என் ரூம்மேட் ஒரு யூதன். கேம்பஸ்ல யூத ஸ்டூடன்ட்ஸுக்குன்னு ஒரு சென்டர் இருக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா தவறாம அங்கதான் சாப்பிடப் போவான். காசா போருக்கு அப்புறம் அவனும் அவன் ஃப்ரெண்ட்ஸும் பாலஸ்தீன ஸ்டூடன்ட்ஸோட சேர்ந்து ஒரு கூட்டம் ஏற்பாடு பண்ணாங்க. எங்க பில்டிங்ல அதெல்லாம் நடத்தக் கூடாதுன்னு சென்டர்ல சொல்லிட்டாங்க. இப்ப அவன் அங்க போறதையே நிறுத்திட்டான். அவன் அப்பாவும் அவன்கூட பேசறதில்லை.

என் கேள்வி இதுதான். தன் சொந்தக் காசுல நடக்கற ஒரு அமைப்பு யாரை மேடை ஏத்தணும்னு முடிவு பண்றது அவங்க உரிமை இல்லையா? இதை கருத்து சுதந்திரப் பிரச்னைன்னு சொல்லலாமா? யூதர்கள்கிட்டயே ஜனநாயகம் இல்லையேன்னு தோணுது. என் ரூம்மேட் மாதிரி நல்ல யூதர்கள் எல்லாம் என்ன பண்ணுவாங்க? யோசிச்சுப் பாத்தா நம்ம தமிழ்ச்சங்கத்துலயும் இதே கதைதான். அப்புறம் ஒண்ணு, வர்ற பஸ்கா விருந்துக்கு அவன் அம்மா எங்க ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. நான் போறது சரியா இருக்குமா?

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

இந்த மாதிரி லெட்டருக்கு வழக்கமா ரெண்டு வரி மெயில் போட்டுட்டு நகர்ந்துருவேன், இதுக்கு அப்படி முடியல, ஏன்னா கொஞ்ச நாளா நானே இதைத்தான் மண்டைல போட்டு உருட்டிக்கிட்டு இருந்தேன், நீ வந்து சரியா அந்த எடத்துல கை வெச்சுட்ட.

முதல்ல திட்டிடறேன், மத்ததை அப்புறம் பேசலாம். "நல்ல யூதர்கள்"னு எழுதியிருக்கியே, அது என்ன தம்பி நல்ல யூதர்? இஸ்ரேல் கவர்மென்டை எதிர்த்தா நல்லவன், எதிர்க்கலைன்னா கெட்டவனா? அவனை உள்ள விடமாட்டேன்னு சொன்னவங்க கைலயும் இதே மார்க் ஷீட்தான் இருக்கு, அவங்க தலைகீழா பிடிச்சு மார்க் போடறாங்க, நீ நேரா பிடிச்சு போடற, அவ்வளவுதான் வித்தியாசம். வாடகைல பாதி குடுத்துட்டு உன்னோட சேர்ந்து பாத்திரம் தேய்க்கற பையன் அவன். உலகத்துக்கு முன்னாடி "நான் நல்ல யூதன்"னு நிரூபிக்கற வேலையை அவனுக்கு நீயும் குடுக்காதே, ஏற்கனவே நிறைய பேர் குடுத்துக்கிட்டு இருக்காங்க.

அடுத்தது "யூதர்கள்கிட்டயே ஜனநாயகம் இல்லை"ங்கறது. இதைப் படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துச்சு, அப்புறம்தான் கோவம். தல்மூத்னு யூதப் பண்டிதர்களோட சட்ட விவாதங்களைத் தொகுத்த பழைய புஸ்தகம், அதுல ஒரு பக்கத்தையாவது எப்பவாவது பாத்திருக்கியா? படிக்கத் தெரிய வேண்டாம், சும்மா பாத்தாலே போதும். நடுவுல மூலம். அதுக்கு ஒரு பக்கம் ராஷியோட உரை, பதினோராம் நூற்றாண்டு பிரான்ஸ்காரர். எதிர்ப்பக்கம் தோசஃபோத்னு இன்னொரு உரைக்கூட்டம், அதுல ராஷியோட சொந்தப் பேரன்களே இருக்காங்க, தாத்தா சொன்னது பொருந்தலைன்னு அதே பக்கத்துல, தாத்தா கண்ணுக்கு எதிரயே, அச்சடிச்சு வெச்சிருக்காங்க. இன்னிக்கும் சின்னப் பசங்க அதை வெச்சுத்தான் பாடம் படிக்கறாங்க. இவங்களைப் பாத்து உள்ளுக்குள்ள மறுத்துப் பேசத் தெரியாதவங்கன்னு எழுதறதுக்கு ஒரு தைரியம் வேணும்.

உரிமையா இல்லையான்னு கேட்டதுக்கு ஒரே பாராவுல பதில் சொல்லிடறேன். அமெரிக்க அரசியல் சட்டத்தோட முதல் திருத்தம் கட்டிப் போடறது அரசாங்கத்தை. அரசு யுனிவர்சிட்டின்னா அதையும் கட்டும், தனியார் யுனிவர்சிட்டியைக் கட்டாது, யூத ஸ்டூடன்ட்ஸ் சென்டர் மாதிரி தனி அமைப்பை சுத்தமா கட்டாது. யாரைக் கூப்பிடறது, யாரைக் கூப்பிடக் கூடாதுங்கறது அவங்க இஷ்டம்தான். உரிமை இருக்கு. போதுமா? தமிழ்ச்சங்கக் கதையை விடு, அது வேற சண்டை, அதுக்குள்ள போனா நான் பொங்கல் விழா நாற்காலில ஆரம்பிச்சு எங்கயோ போயிருவேன்.

உரிமை இருக்குங்கறதால மட்டும் ஒரு காரியம் புத்திசாலித்தனமா ஆயிடாதே, அங்கதான் எனக்கு உறுத்துது. உன் ரூம்மேட் போற சென்டர் எதுன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பொதுவா அமெரிக்க கேம்பஸ்கள்ல இதுல பெரிய ஆள் ஹில்லெல்ங்கற அமைப்பு. 1923ல இல்லினாய் யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது, இன்னிக்கு நூத்துக்கணக்கான கேம்பஸ்ல இருக்கு. பண்டிகை நாள் பிரார்த்தனை, வெள்ளிக்கிழமை சாப்பாடு, அம்மா ஞாபகம் வந்து அழறதுக்கு ஒரு சோஃபா, எல்லாம் அங்கதான். 2010ல இவங்க ஒரு வழிகாட்டி விதி போட்டாங்க: யூத ஜனநாயக நாடா இஸ்ரேல் இருக்கறதுக்கான உரிமையை மறுக்கறவங்க, இஸ்ரேலைப் புறக்கணிக்கற பாய்காட் இயக்கத்தை ஆதரிக்கறவங்க, இப்படிப்பட்ட ஆட்களோடயும் அமைப்புகளோடயும் சேர்ந்து நடத்த மாட்டோம், எடமும் குடுக்க மாட்டோம்னு. ரெண்டு வருஷம் கழிச்சு ஹார்வர்ட்ல பாலஸ்தீன ஆதரவு ஸ்டூடன்ட்ஸ் குழுவோட சேர்ந்து யூதப் பசங்க ஏற்பாடு பண்ண ஒரு கூட்டத்துக்கு இந்த விதியைக் காட்டிக் கதவைச் சாத்தினாங்க, அதுலேர்ந்துதான் ஓப்பன் ஹில்லெல்னு ஒரு மாணவர் இயக்கமே கிளம்பிச்சு. 2013ல இன்னும் கூத்து. அவ்ரஹாம் பர்க், இஸ்ரேல் பார்லிமென்ட்டோட சபாநாயகரா இருந்தவர், ஹார்வர்டுக்குப் பேச வர்றாரு, அந்தக் கூட்டத்தை ஹில்லெல் பில்டிங்ல நடத்த முடியல, காரணம் கூட நடத்தறது பாலஸ்தீன ஆதரவுக் குழு. மனுஷன் ஹாஸ்டல்ல போய்ப் பேசிட்டு வந்தாரு. இஸ்ரேல் நாட்டோட சபாநாயகர் நாற்காலில உக்காந்தவரு, யோசிச்சுப் பாரு!

அதே வருஷம் டிசம்பர்ல ஸ்வார்த்மோர் காலேஜ் ஹில்லெல் பசங்க, நாங்க இந்த விதியை ஏத்துக்கல, எங்க கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும்னு தீர்மானம் போட்டாங்க. ஹில்லெலோட தலைவர், முன்னாள் எம்.பி. எரிக் ஃபிங்கர்ஹட், பதில் எழுதினாரு: சியோனிச எதிர்ப்பாளர்களுக்கு (யூதர்களுக்குன்னு தனி நாடு வேணும்ங்கற கொள்கையை எதிர்க்கறவங்களுக்கு) ஹில்லெல் பேருலயும் சரி, ஹில்லெல் கூரைக்குக் கீழயும் சரி, எந்தச் சூழ்நிலையிலயும் பேச அனுமதி கிடையாதுன்னு. 2015ல அந்தப் பசங்க அமெரிக்கக் கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டத்துல நின்ன வயசான யூதர்களைப் பேசக் கூப்பிட்டாங்க, வக்கீல் லெட்டர் வந்துச்சு, சரி உங்க பேரே எங்களுக்கு வேண்டாம்னு கழட்டி வெச்சுட்டு ஸ்வார்த்மோர் கெஹிலான்னு வேற பேரு வெச்சுக்கிட்டாங்க.

கூரைக்குக் கீழன்னு எழுதினாரு பாரு, அந்த வரியை என்னால மறக்கவே முடியல. இந்த அமைப்புக்குப் பேரு குடுத்த ஹில்லெல் யாரு தெரியுமா? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கூலிக்காரர், பாபிலோன்லேர்ந்து வந்து எருசலேம்ல படிச்சவர். கிடைக்கற கூலில பாதியை பாடசாலை வாசல்ல நிக்கிற காவல்காரனுக்குக் குடுத்தாத்தான் உள்ள விடுவான். ஒருநாள் வேலை கிடைக்கல, கைல காசு இல்ல, காவல்காரன் விடல. ஹில்லெல் கூரை மேல ஏறி, வெளிச்சம் வர்ற ஜன்னல் ஓரமா படுத்து கீழ நடக்கற பாடத்தைக் கேட்டாரு, குளிர்காலம், பனி கொட்டி அவரை மூடிருச்சு. விடிஞ்சதும் உள்ள இருந்த வாத்தியாருங்க, இன்னிக்கு ஏன் இருட்டா இருக்குன்னு அண்ணாந்து பாத்தா ஜன்னல்ல ஆள் உருவம். அன்னிக்கு ஓய்வுநாள், நெருப்பு மூட்டவே கூடாது, இவருக்காக ஓய்வுநாளையே மீறலாம்னு சொல்லி இறக்கிக் குளிப்பாட்டி நெருப்பு முன்னாடி உக்கார வெச்சாங்க. காவல்காரன் தடுத்த ஆளோட பேருல கட்டடம் கட்டி, அந்த வாசல்லயே ஒரு காவல்காரனை நிறுத்தினா நான் என்ன சொல்ல?

இதெல்லாம் காசா போருக்கு அப்புறம் வந்த சண்டைன்னு நினைச்சுக்காதே. 1973ல ப்ரெய்ரான்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க அமெரிக்க யூதர்கள், பாலஸ்தீனர்களுக்கும் ஒரு நாடு வேணும், இஸ்ரேல் அவங்களோட பேசணும்னு சொன்னாங்க, இன்னிக்குப் பாத்தா ரொம்ப சாதுவான கோரிக்கை. ஆர்னால்ட் ஜேக்கப் வுல்ஃப், யேல் யுனிவர்சிட்டி ஹில்லெல்ல ரப்பியா, அதாவது யூத மதகுருவா இருந்தவர், அதோட தலைவர், இன்னும் சில ஹில்லெல் ரப்பிங்களும் அதுல இருந்தாங்க. துரோகின்னு திட்டி, வேலைக்கே உலை வைக்கப் பாத்து, 1977ல அவங்க மாநாட்டுக்குள்ள யூதத் தீவிரவாதக் கும்பல் ஒண்ணு புகுந்து கலாட்டா பண்ணி, அந்த வருஷமே அமைப்பு படுத்துருச்சு. பதினாறு வருஷம் கழிச்சு இஸ்ரேல் பிரதமரே வெள்ளை மாளிகைப் புல்வெளில பாலஸ்தீனத் தலைவர் அரஃபாத் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. அன்னிக்கு துரோகின்னு திட்டினவங்க யாராவது வுல்ஃபுக்கு ஒரு போன் போட்டுப் பேசினாங்களோ என்னவோ.

இப்ப நான் நிஜமா சொல்ல வந்ததுக்கு வர்றேன், நீ கேட்டதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நடுவுல கேக்காதே.

கி.பி. 70ல ரோமானியர்கள் எருசலேம் கோவிலை இடிச்சாச்சு. மிச்சம் இருக்கற பண்டிதர்கள் எல்லாம் யாவ்னேங்கற ஊர்ல கூடி, கோவில் இல்லாம இந்த மதம் எப்படி உயிரோட இருக்கப் போகுதுன்னு மண்டையை உடைச்சுக்கறாங்க. தலைமை ரப்பான் கமாலியேல். பைபிள்ல பவுலோட வாத்தியாரா வர்றாரே, அந்தக் கமாலியேலோட பேரன், நம்ம கூரை மேல ஏறின ஹில்லெலோட வம்சம். இவரு பாடசாலை வாசல்ல ஒரு ஆளை நிறுத்தினாரு. "உள்ளுக்குள்ள ஒண்ணும் வெளியில ஒண்ணுமா இருக்கற எவனும் உள்ள வரக் கூடாது." கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு, யோக்கியனா இருன்னுதானே சொல்றாருன்னு தோணும். ஒருத்தன் உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு அந்த வாசல்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான்? கேள்வி கேப்பான், முகத்தைப் பாப்பான், யார்கூட வந்தேன்னு பாப்பான், இந்தக் காலத்துல இருந்தா ஃபோன வாங்கி எதுக்கெல்லாம் லைக் போட்டிருக்கன்னு பாப்பான்.

ராத்திரி ஜெபம் கட்டாயமா, இஷ்டம்போல செய்யலாமான்னு ஒரு பிரச்னை. ரப்பி யோசுவா ஒரு மாணவன்கிட்ட இஷ்டம்தான்னு சொல்லிட்டாரு. கமாலியேல் கட்டாயம்ங்கறாரு. சபை நிறைஞ்சிருக்கறப்ப கமாலியேல் கேக்கறாரு, இதை மறுக்கறவங்க யாராவது உண்டா? யோசுவா பயந்துபோய், இல்லைங்கறாரு. கமாலியேல் விடல. நீ வேற மாதிரி சொன்னதா எனக்குத் தெரியும், எழுந்து நில்லு, சாட்சி சொல்லட்டும். யோசுவா எழுந்து நின்னு ஒத்துக்கறாரு. அப்புறமும் உக்காருன்னு சொல்லல, பெரியவர் நின்னுக்கிட்டே இருக்காரு, கமாலியேல் பாட்டுக்கு உக்காந்து பாடம் நடத்திக்கிட்டே போறாரு. கூட்டத்துல முணுமுணுப்பு கிளம்பி, பாடத்தை உரக்கத் திருப்பிச் சொல்ற ஆள்கிட்ட "நிறுத்து"ன்னு சத்தம் போட்டாங்க, அவன் நிறுத்திட்டான். எத்தனை நாளைக்குத்தான் இவரு அந்த மனுஷனை நோகடிப்பாருன்னு கேட்டு கமாலியேலைத் தலைமைலேர்ந்தே இறக்கினாங்க.

அன்னிக்கே வாசல்காரனையும் தூக்கிட்டாங்க. கதவு திறந்ததும் பெஞ்சு பத்தல, நானூறு பெஞ்சு புதுசா போட்டாங்கன்னு ஒருத்தர் சொல்றாரு, இல்ல எழுநூறுன்னு இன்னொருத்தர் (பாத்தியா, பெஞ்சுக் கணக்குலயும் சண்டை). இதைப் பாத்து கமாலியேலுக்கு மனசு உடைஞ்சுபோச்சு. அடடா, இத்தனை பேரு படிக்க விடாம நான்தான் தடுத்துட்டேனோன்னு. அன்னிக்கு அவருக்கு ஒரு கனவு வருது, வெள்ளை வெளேர்னு ஜாடிங்க, உள்ள பூரா சாம்பல். அதாவது புதுசா வந்தவங்க எல்லாம் வெளியில பளபளப்பு, உள்ள ஒண்ணுமில்ல, நீ தடுத்தது சரிதான்னு அர்த்தம். தல்மூத் அதோட விடல, உடனே ஒரு வரி சேக்குது: நிஜம் அது இல்ல, அவரு மனசு சமாதானம் ஆகறதுக்காகக் காட்டின கனவு அது.

எனக்கு இந்த ஒரு வரி போதும் ஆர். வாசல்ல ஆள் நிறுத்தற எல்லாருக்கும் இந்தக் கனவு வருது. வெளிய நிக்கறவன் எல்லாம் சாம்பல், வெறுப்பைத் தவிர அவன் உள்ள எதுவும் இல்ல, அவனோட பேச என்ன இருக்குன்னு. அது கனவுதாண்டான்னு அவங்க படிக்கற புஸ்தகத்துலயே எழுதி வெச்சிருக்கு.

கமாலியேலை வில்லன்னு நினைச்சுராதே, அதுவும் தப்பு. ஜனங்க ஆளுக்கொரு பக்கம் சிதறிருவாங்களோன்னு பயந்த மனுஷன் அவரு. இன்னொரு எடத்துல, வேற ஒரு ரப்பியை ஒதுக்கி வெச்சதைப் பத்தி அவரே கடவுள்கிட்ட சொல்றாரு, என் கௌரவத்துக்காகவோ என் குடும்ப கௌரவத்துக்காகவோ நான் அதைச் செய்யல, இஸ்ரேல்ல பிளவு பெருகக் கூடாதுன்னுதான் செஞ்சேன்னு. இன்னிக்கு அந்த சென்டர்கள்ல உக்காந்திருக்கறவங்களுக்கும் அதே பயம்தான், அது பொய்ப் பயம்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். 2023 அக்டோபர் 7ல ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்னுச்சு, அதே மாசக் கடைசில கார்னெல் யுனிவர்சிட்டில யூதப் பசங்க சாப்பிடற கோஷர் (யூத உணவு விதிப்படி சமைக்கற) டைனிங் ஹாலைச் சுட்டுத் தள்ளுவேன்னு ஆன்லைன்ல மிரட்டல், பிடிச்சுப் பாத்தா அதே யுனிவர்சிட்டில படிக்கற பையன். சாப்பாட்டுத் தட்டோட உக்காந்திருக்கற பிள்ளைங்க கதவுப் பக்கமே பாத்துக்கிட்டு சாப்பிட்டிருக்கும். 2024 ஏப்ரல்ல கொலம்பியால ஒரு ரப்பி, நிலைமை சரியாகற வரைக்கும் வீட்டுக்குப் போயிருங்கன்னு ஸ்டூடன்ட்ஸுக்கு வாட்ஸப்ல அனுப்பினாரு, அங்க இருக்கற ஹில்லெல் டைரக்டர், போகாதீங்க, நாங்க திறந்துதான் வெச்சிருப்போம்னாரு. அதுக்கு அடுத்த நாள் அதே கேம்பஸ் புல்தரைல, போராட்டக் கூடாரங்களுக்கு நடுவுல, இன்னொரு யூதப் பசங்க கூட்டம் பஸ்கா விருந்து நடத்தினாங்க. காசால அதுக்குள்ள முப்பதாயிரத்துக்கு மேல செத்தாச்சு, அதைப் பாத்துட்டு எங்களால இந்த விருந்தை வேற எங்கயும் கொண்டாட முடியாதுன்னு அவங்க பக்கம். ரெண்டு கூட்டமும் படிச்சது ஒரே கதை, எகிப்துலேர்ந்து விடுதலை.

பாதுகாப்பு வேற, காது பொத்திக்கறது வேற. துப்பாக்கியோட வர்றவனை நிறுத்த வாசல்ல ஆள் வேணும், கட்டாயம் வேணும். சொந்தப் பிள்ளை வேற ஒரு பேச்சாளரைக் கூட்டிட்டு வர்றப்பவும் அதே ஆள் அதே விறைப்போட நிக்கறதுதான் என் வயித்தெரிச்சல்.

எதிர்ப்பக்கம் மட்டும் யோக்கியமான்னா, அதுவும் இல்ல. 2015ல யுசிஎல்ஏல ஒரு யூதப் பொண்ணு ஸ்டூடன்ட் கவுன்சிலோட நீதிக்குழுவுக்கு வர்றா, தகுதில ஒரு குறை சொல்ல முடியல, யூத சமூகத்துல இவ்வளவு ஈடுபாடா இருக்கியே, உன்னால நடுநிலையா இருக்க முடியுமான்னு முகத்துக்கு நேரா கேட்டு, அவளை வெளிய அனுப்பிட்டு விவாதம் பண்ணி, முதல்ல வேண்டாம்னே ஓட்டுப் போட்டாங்க. ஒரு ஆசிரியர் தலையிட்டு எடுத்துச் சொன்னப்புறம் திரும்ப ஓட்டுப் போட்டு எடுத்துக்கிட்டாங்க. கமாலியேலோட வாசல்காரன் கேக்கற அதே கேள்வி, உன் உள்ளுக்குள்ள என்ன இருக்கு. இன்னிக்கு முற்போக்கு கேம்பஸ் குழுக்கள்ல சேரணும்னா முதல்ல சியோனிசத்தைத் துறந்துட்டு வான்னு கேக்கறாங்களாம், அந்தப் பசங்களும் அவங்க பங்குக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு வாசல்ல உக்காந்தாச்சு. உன் ரூம்மேட் இதையும் ஒத்துக்கறானான்னு கேட்டுப் பாரேன், சண்டை வரும், பரவால்ல.

எங்க அக்கா பொண்ணு அமெரிக்கால படிச்சப்ப நான் போய்க் கொஞ்ச நாள் அவளோட இருந்தேன். அவ க்ளாஸ்மேட் ஒருத்தி வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, எந்த யுனிவர்சிட்டின்னு சொல்லல. ரெண்டு மெழுகுவத்தி, பின்னல் போட்ட மாதிரி ரொட்டி, மேல துணி போட்டு மூடியிருந்துச்சு, கிண்ணத்துல கோழி சூப், அதுல மாவு உருண்டை மிதக்குது (ருசின்னு பெருசா ஒண்ணும் இல்ல, உப்பு பத்தல). எங்க மேஜைல ஒரு வயசான ப்ரொஃபசர், எதிர்ல ஒல்லியா ஒரு பொண்ணு, ரெண்டு பேரும் ஏதோ மனுல கையெழுத்து போட்டதைப் பத்தி வாக்குவாதம், மரியாதையாத்தான் ஆரம்பிச்சாங்க, போகப் போக அந்தப் பொண்ணு கைல ஸ்பூன் நடுங்க ஆரம்பிச்சுருச்சு. அவ பைல ஒரு பேட்ஜ் குத்தியிருந்தா. அங்க வேலை பாக்கற பொண்ணு ஒருத்தி சிரிச்சுக்கிட்டே வந்து குனிஞ்சு, இங்க இருக்கறவரைக்கும் இதைக் கழட்டி வெச்சுக்கலாமேன்னா. இவ பேசாம கழட்டிக் கோட் பாக்கெட்ல போட்டுக்கிட்டா. ப்ரொஃபசருக்கு முகமே செத்துப்போச்சு, ஏன்னா அவருக்கு வேண்டியிருந்தது சண்டை, இது இல்ல. ரொட்டியைப் பிச்சு முதல் துண்டை அவ பக்கம் தள்ளினாரு, அவ எடுத்துக்கல. சாப்பாடு முடிஞ்சு நன்றிப் பாட்டு, எல்லாரும் மேஜையைத் தட்டித் தாளம் போட்டுப் பாடறாங்க, அத்தனை பேர்லயும் சத்தமா தட்டினது அந்தப் பொண்ணுதான், கிண்ணமெல்லாம் குதிக்குது. ஒரு வரி தப்பில்லாம மனப்பாடமா பாடினா. அவளைப் போய் இந்த வீட்டுக்கு ஆகாதவன்னு எப்படி முடிவு பண்ணாங்கன்னு எனக்கு அன்னிக்கும் புரியல, இப்பவும் புரியல.

கமாலியேல் கதைல ஒரு மிச்சம் இருக்கு, உன் ரூம்மேட்டோட அப்பாவுக்காக அதைச் சொல்றேன். தலைமை போனப்புறமும் கமாலியேல் கோவிச்சுக்கிட்டு வீட்டுல உக்காரல, ஒரு மணி நேரம் கூட பாடசாலையை விட்டு விலகலன்னு எழுதியிருக்கு. அன்னிக்கே ஒரு விவாதத்துல யோசுவாகிட்ட தோத்தும் போனாரு. அதுக்கப்புறம்தான் மன்னிப்புக் கேக்க யோசுவா வீட்டுக்குப் போறாரு. சுவரெல்லாம் கரி. "சுவரைப் பாத்தா நீ கரி வேலை பாக்கறவன்னு தெரியுது"ன்னாரு, இத்தனை வருஷம் கூட உக்காந்து வாதம் பண்ணவரு என்ன தொழில் பண்ணிப் பொழைக்கறாருன்னு அன்னிக்குத்தான் தெரியுது அவருக்கு. யோசுவாவுக்கு வந்துச்சே கோவம், "நீ தலைவனா இருக்கற தலைமுறையை நினைச்சாத்தான் பரிதாபமா இருக்கு, படிக்கறவங்க எப்படிப் பொழைக்கறாங்க, என்ன சாப்பிடறாங்கன்னு உனக்கு எதுவும் தெரியாது"ன்னாரு. முதல் தடவை கேட்ட மன்னிப்பைக் காதுலயே வாங்கிக்கல. ரெண்டாவது தடவை, எங்கப்பா மரியாதைக்காகவாவதுன்னு கமாலியேல் கெஞ்சினப்புறம்தான் இறங்கி வந்தாரு. கடைசில அவரைத் திரும்பத் தலைமைல உக்கார வெச்சதுல யோசுவாவுக்கும் பங்கு உண்டு, நடுவுல தலைமைக்கு வந்த புது ஆளையும் துரத்தாம வாரக்கணக்குல முறை போட்டுப் பிரிச்சுக்கிட்டாங்க.

அந்த அப்பா பையனோட ரூமுக்கு வந்து அவன் என்ன சாப்பிடறான்னு பாத்திருக்காரா? சும்மாதான் கேக்கறேன்.

நன்கொடை குடுக்கற பெரிய மனுஷங்களைப் பத்தி எழுதலாம்னு இருந்தேன், வேண்டாம், அதுக்குத் தனிப் பதிவு வேணும், எழுதினா எனக்குக் கோவம்தான் வரும்.

விருந்துக்குப் போகலாமான்னு கேட்டிருந்தல்ல, அட, போடா! அந்த அம்மா ரெண்டு பேரையும் சேத்துக் கூப்பிட்டிருக்காங்கன்னா அதுல ஒரு கணக்கு இருக்கு. வெளியாள் ஒருத்தன் மேஜைல இருந்தா அப்பாவும் பிள்ளையும் கொஞ்சம் நாக்கை அடக்குவாங்க, அதுக்குத்தான் உன்னை வரச் சொல்றாங்க, நீ அதைப் புரிஞ்சுக்கிட்டுப் போ, உன் அரசியல் கருத்தை யாரும் அங்க எதிர்பாக்கல. சாப்பாட்டுக்கு முன்னாடி ரொம்ப நேரம் படிப்பாங்க, மத்தியானம் நல்லா சாப்பிட்டுக்கோ. நாலு பிள்ளைங்களைப் பத்தி ஒரு பகுதி வரும், அதுல ரெண்டாவது பிள்ளை பொல்லாதவன், "இதெல்லாம் உங்களுக்கு என்னத்துக்கு"ன்னு கேப்பான், அவன் பல்லை மழுங்க அடின்னு அப்பாவுக்கு உத்தரவு. அந்த எடம் வர்றப்ப அப்பாவையும் பாக்காதே, இவனையும் பாக்காதே, தட்டைப் பாரு, முக்கியமா சிரிச்சுத் தொலைக்காதே. வெறுங்கையோடவும் போகாதே, ஆனா பிரெட், கேக், பிஸ்கட், நம்ம ஊரு முறுக்கு எதுவும் வேண்டாம், அந்த வாரம் வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க. பூ வாங்கிக்கோ, இல்லைன்னா நல்ல பழமா பாத்து வாங்கிட்டுப் போ.

அன்புடன்,
அக்கா